நீருரிமை காத்தருளும் பெருமக்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

போடிமெட்டின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே விரிந்து கிடக்கும் சமவெளியின் நீருரிமையைக் கண்ணின் மணியாகக் காத்துவரும் மாட்சிமை பொருந்திய பெருமக்கள் அனைவருக்கும், மேடைதோறும் முழங்கும் சிங்கங்களுக்கும், கோப்பைக் கைவிடாத அதிகார ரத்தினங்களுக்கும், ஆற்றங்கரை மோட்டார் அதிபதிகளுக்கும், நாள் தவறாமல் தம் வீட்டிலிருந்து ஏதேனும் ஒன்றை ஆற்றுக்கு அன்பளிப்பாக அனுப்பிவைக்கும் நகரத்துக் குடிமக்களுக்கும், அடியேன் தண்டனிட்டு எழுதிக்கொண்ட வாழ்த்துமடல். மனு என்று நினைத்துத் திருவுள்ளம் கலங்க வேண்டாம். மனுக் கொடுத்துப் பழகிய ஜனங்கள்தான் நாங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று, கொடுத்ததற்கு ரசீது வாங்கி, அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைக்கும் பக்தியும் எங்களுக்கு உண்டு. ஆனாலும் இது மனு அல்ல. இனிக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதபடி எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிட்ட பிறகு, வாழ்த்துவதை விட்டால் எங்களுக்கு வேறு என்ன வேலை?

இந்த மேட்டில் பெய்யும் மழைக்கு ஒரு தலையெழுத்து உண்டு. மேற்கே சரிந்த துளி பூப்பாறைப் பக்கம் இறங்கிப் பன்னியாற்றில் விழும்; பன்னியாறு போய்ச் சேரும் பெரியாறு அதை அரபிக்கடலில் கொண்டு விட்டுவிடும். பாவம், அநாதைத் துளி. அதற்காக யாரும் வழக்காடியதில்லை, உண்ணாவிரதம் இருந்ததில்லை. கிழக்கே சரிந்த துளியின் யோகமே யோகம். புலியூத்தில் குதித்து, செல்பி எடுப்பவர்களின் முகத்தில் கொஞ்சம் தெறித்து, முந்தலில் கொட்டகுடி ஆற்றோடு கூடி, போடியைத் தொட்டுக்கொண்டு தேனிப் பக்கம் போய், கடைசியில் வைகை என்று பெயர் வாங்கிவிடுகிறது. அதாவது, பெருமக்களாகிய தங்களுடைய ஆளுகைக்குள் வந்துவிடுகிறது. ஒரு துளி நீர் தன் வாழ்நாளில் அடையத்தக்க பெரும் பேறு அதுதான். அதன் பிறகு அதற்கு என்னென்ன மரியாதைகள் நடக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் தங்களுடைய தொலைநோக்கைப் போற்ற வேண்டும். உலகத்தில் எத்தனையோ அரசுகள் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுவிட்டுப் பெருமை பேசுகின்றன. நம்முடைய நீருரிமைப் பட்டயமோ 999 ஆண்டுகளுக்கு உரியது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஆங்கிலேய அரசும் கையொப்பமிட்ட குத்தகை அது. அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்க்கும் உரிமை. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கும் ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1895இல் அணை எழுந்தது. 1970இல் ஏக்கர் வாடகையை 30 ரூபாயாக உயர்த்திக் கொடுத்தோம். இந்த மலையின் ஏலக்காய் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது என்பதை இங்கே ஏலக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரும் சொல்வார்கள். அந்த ஒரு கிலோ காசில் 230 ஏக்கர் நீர்ப்பரப்புக்கு ஓராண்டு வாடகை கட்டிவிடலாம். இவ்வளவு மலிவாக, இவ்வளவு நீண்ட காலத்துக்கு, இவ்வளவு நீர் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது? மலிவாக வந்த பொருளை எப்படிப் புழங்க வேண்டுமோ அப்படியே புழங்கி, பாட்டன் சம்பாத்தியத்துக்குப் பேரன் செய்யும் சிறப்பை எல்லாம் தாங்கள் குறைவின்றிச் செய்துவருகிறீர்கள்.

எல்லைக்கு அப்பால் தாங்கள் காட்டும் வீரத்தைச் சொல்ல ஆயிரம் நாவு வேண்டும். 152, 142, 136 என்னும் மூன்று எண்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். 1979இல் அணையின் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்டது. அதை மீண்டும் உயர்த்த வழக்கு மேல் வழக்கு. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று சொன்னது. அடுத்த மாதமே கேரளம் சட்டம் திருத்தி, இல்லை, 136தான் என்றது. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு நவம்பரில் நீர் 142ஐத் தொட்டது. ஆறடி நீருக்கு 35 ஆண்டுப் போர்! பெரிய அணைக்குத் துணையாக நிற்கும் பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்டலாம் என்று 2021 நவம்பரில் அங்கே அனுமதி கிடைத்ததும், சில நாளிலேயே அந்த அனுமதி ரத்தானதும், அந்த 15 மரங்களுக்காக இரண்டு மாநிலங்களும் அறிக்கை விட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள், மரம் ஒவ்வொன்றையும் சொந்தத் தோப்பு மரம்போல் எண்ணிவைத்திருந்தார்கள். டீ கிளாஸ் கழுவிய நீர் பின்பக்கமாக ஓடி எந்த வாய்க்காலில் விழுகிறது என்ற அற்ப விஷயத்தில் யாருக்கும் கவனம் சிதறவில்லை. அது ஒருமுகப்பட்ட நெஞ்சத்தின் அடையாளம்.

2011 டிசம்பரையும் மறக்க முடியாது. எல்லையில் பதற்றம் மூண்டு, இடுக்கி ஏலத்தோட்டங்களில் கூலி வேலைக்குப் போயிருந்த நம் ஜனங்கள் அடி வாங்கி, பிள்ளைகுட்டியோடு காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கி நடந்தார்கள். தண்ணீருக்காக உயிரையும் கொடுப்போம் என்று எழுந்த முழக்கம் மலையில் மோதித் திரும்பியது. முழங்கிய தொண்டை எதுவும் பொய் சொல்லவில்லை. உயிரைக் கொடுப்போம் என்றுதான் சொன்னார்கள். ஆற்றில் குப்பையைக் கொட்டமாட்டோம் என்று யாராவது சொன்னார்களா? சொல்லாத வாக்கை மீறியதாகக் குற்றம் சாட்டுவது அநியாயம் அல்லவா?

இத்தனை போராடிப் பெற்ற நீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, ராட்சசக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு, நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த இடத்தில் அள்ளிக் குடித்தவர்கள் அதன் ருசியைச் சொல்வார்கள். எல்லைக்கு அப்பால் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத சிங்கங்கள் எல்லைக்கு இப்பால் காட்டும் பெருந்தன்மை இங்கேதான் தொடங்குகிறது. கணக்குப் பார்க்காத கொடை. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டால் எடுப்பவர் மனம் புண்படுமே என்று நினைக்கும் நாகரிகம். பாரிவள்ளல் முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். தாங்கள் இந்த நீர் ஓடும் முல்லையாற்றையே கொடுத்துவிட்டீர்கள்.

மோட்டார் அதிபதிகளின் கைவண்ணத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். நேராக ஆற்றுக்குள் மோட்டாரை இறக்கி உறிஞ்சுவது பாமரர் காரியம். அதற்குக் கேஸ் வரும். விஷயம் தெரிந்தவர்கள் ஆற்றை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்குவார்கள். அந்த நிலத்தில் பயிர் வைக்க மாட்டார்கள். ஒரு வெள்ளாடு கட்டவும் போதாத அளவு நிலம் அது. அதில் ஒரு கிணறு வெட்டுவார்கள். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே சில அடி மணல். நந்தனாருக்காக நந்தி விலகியதுபோல் அந்த மணல் இவர்களுக்காக விலகிக்கொடுக்கும். ஆற்றில் நீர் ஏறினால் கிணற்றிலும் ஏறும், இறங்கினால் இறங்கும். எத்தனை மணி நேரம் இறைத்தாலும் வற்றாத அற்புதக் கிணறு! ஆனால் பதிவேட்டில் அது கிணற்றுப் பாசனம். எவர் வந்து கேட்டாலும், சொந்தப் பட்டா, சொந்தக் கிணறு, சொந்த மோட்டார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். தண்ணீர் யாருடையது என்று கேட்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அதற்கப்புறம் குழாய். குழாயின் பயணம் ஒரு காவியம். ரோட்டுக்குக் கீழே பாலத்துக் கண் வழியாக நுழைந்து, வாய்க்கால் ஓரமாகப் படுத்து, அடுத்தவர் தோப்பை மண்ணுக்கடியில் கடந்து, கிலோமீட்டர் கணக்காகப் போய், ஆற்றைக் கண்ணால் பார்த்திராத மேட்டுக்காட்டில் தலையை நீட்டுகிறது. சோளமும் கம்பும் விதைத்து மழைக்கு வானத்தைப் பார்த்திருந்த பூமியில் இப்போது தென்னையும் வாழையும் நிற்கின்றன. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் ஆட்களால் ஒரு மலையைத்தான் குடைய முடிந்தது, அதற்கும் இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. நம் அதிபதிகள் ஒரே ராத்திரியில், ஒரு பொக்லைனையும் நாலு ஆட்களையும் வைத்துக்கொண்டு, ஒருவர் கையெழுத்தும் இல்லாமல் ஆற்றைத் திருப்பிக் காட்டுகிறார்கள். பொறியியல் எவ்வளவு முன்னேறிவிட்டது!

இதைக் கண்டும் காணாததுபோல் நடந்துகொள்ளும் அதிகாரிகளின் பொறுமைக்கு ஈடு இணை இல்லை. அவ்வப்போது வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகும், கோர்ட்டு கேட்கும், உடனே ஜீப்புகள் கிளம்பும், சில மோட்டார்களுக்குக் கரண்டைத் துண்டிப்பார்கள், குழாயைப் பிடுங்கிப் போட்டு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தில் எல்லோருடைய முகத்திலும் ஒரு சாந்தம் தெரியும். நீர் எங்கே போகும்? திரும்பி வரும். மோட்டாரும் திரும்பி வரும். போனவர்களை எல்லாம் திரும்ப ஏற்றுக்கொள்ளும் மனம் உள்ள துறை இது.

வயிற்றெரிச்சல்காரர்கள் சிலர் ஒரு கணக்குச் சொல்வார்கள். இந்த நீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறதாம். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டம் பாசனத்துக்கோ குடிநீருக்கோ இதையே பார்த்திருக்கிறதாம். நடுவழியில் இப்படி எடுத்தால் கடைமடைக்கு என்ன போகும் என்று கேட்பார்கள். கடைமடைக்காரருக்குப் பொறுமையைக் கற்பிப்பது எவ்வளவு பெரிய கல்வி என்பது அவர்களுக்குப் புரியாது. வைகை ஆதிகாலம் தொட்டே கடலைச் சேர அவ்வளவாக ஆசைப்படாத ஆறு. ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். அந்த அடக்கத்தை இன்னும் மேலே, மதுரைக்கும் முன்னாலேயே, வைகை அணைக்கும் முன்னாலேயே கற்றுக்கொடுப்பதுதான் பெருமக்களின் திருப்பணி.

அணை என்றதும் ஞாபகம் வருகிறது. 1959இல் திறந்த வைகை அணையின் நீர்மட்டம் 71 அடி என்று அளவுகோல் காட்டும். அடியில் எத்தனை அடி வண்டல் என்று அளவுகோலுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லி அதை வருத்துவதில்லை. தூர்வாரும் திட்டம் அறிவிப்பிலிருந்து அறிவிப்புக்கு உரம் ஏறிக்கொண்டே வருகிறது.

இனி, ஆற்றுக்கு நகரங்கள் செலுத்தும் காணிக்கையைப் பார்ப்போம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கரையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊர்கள், ஆறு தமக்குக் கொடுப்பதைச் சும்மா வாங்கிக்கொள்ளும் நன்றிகெட்ட ஊர்கள் அல்ல. வாங்கிய நீரை வீடுகளில் குளிப்பாட்டி, கழுவி, துவைத்து, நிறமும் மணமும் கூட்டி, சாக்கடை வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. வீரபாண்டி கௌமாரியம்மனின் சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கும் பெண்கள் இந்த ஆற்றில்தான் முழுகி எழுகிறார்கள். மேலே நாலு ஊர் அனுப்பிய தீர்த்தத்தில் முழுகி, ஈரச்சேலையோடு அம்மனிடம் போய் நோயில்லாமல் வைக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அம்மனுக்கும் வேலை இருக்க வேண்டுமே என்ற கரிசனம் அந்த நாலு ஊருக்கும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பெருமக்களின் ஞானம் உச்சத்துக்குப் போகிறது. ஆறு இப்படிப் புண்ணியம் சேர்த்துக்கொண்டு கீழே வருவதைப் பார்த்த மதுரை மாநகர், இனி ஆற்றை நம்புவது ஆற்றுக்கே பாரம் என்று கண்டது. எனவே லோயர் கேம்ப்பிலேயே நீரை எடுத்து, குழாய்க்குள் அடைத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, ஊருக்குக் கொண்டுபோகும் திட்டம் பிறந்தது. 2020 டிசம்பரில் அடிக்கல், சுமார் 1,296 கோடி ரூபாய், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். வினாடிக்கு 51 கனஅடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு ஏற்கனவே போகும் திசையில், ஆறு ஏற்கனவே போகும் ஊருக்கு, ஆற்று நீரையே கொண்டுபோகும் இரும்பாறு! பழைய ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைவிடப் பக்கத்திலேயே புது ஆறு செய்துவிடுவது சுலபம் என்று கண்டுபிடித்த மூளைக்குக் கோயில் கட்டினாலும் தகும். இந்த இரும்பாற்றில் எருமை இறங்காது, சாக்கடை கலக்காது, கிணறு வெட்டி மணல் வழியாக ஊறவும் விடாது. ஆறு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தேனி மாவட்டத்து விவசாயிகள் இதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள், லோயர் கேம்ப்பில் எடுத்தால் எங்கள் ஆறு காய்ந்துபோகும் என்றார்கள். நியாயமான பேச்சு. அணை வரை வந்து சேரும் நீரின் அளவையும் தரத்தையும் நன்கு அறிந்தவர்கள் பெருந்தன்மையோடு சொன்ன பேச்சு. மதுரைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு: நாற்பது லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கியவர், காலை நாலு மணிக்கு எழுந்து குழாயடியில் குடம் வைத்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டு தரப்பும் நியாயமாக இருக்க, நடுவில் ஆறு ஒன்றுதான் அநியாயமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி நீரைக் கொண்டுபோகும் கலையில் அமெரிக்கர்கள் முன்னோடி என்று சிலர் சொல்லிக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் நிலமும் நீருரிமையும் வாங்கிச் சேர்த்து, 1913இல் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டி நீரைக் கொண்டுபோனது. பள்ளத்தாக்கில் இருந்த ஏரி சில வருஷத்தில் வறண்டு புழுதியானது. 1924இல் கோபம் கொண்ட விவசாயிகள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். எவ்வளவு அநாகரிகம்! நம் பள்ளத்தாக்கில் வெடிச் சத்தம் திருவிழாவுக்கு மட்டும்தான். இங்கே ஒரு மோட்டார் சுவிட்சைத் தட்டினால் போதும், எதிர்ப்பும் முடிந்தது, பாசனமும் நடந்தது.

சரி, போடிக்கு வருவோம். பெரியாற்று நீருக்கு நடக்கும் ராஜோபசாரத்தைப் பார்த்துக் கொட்டகுடி ஆறு ஏக்கப்படக் கூடாது என்பதில் எங்கள் ஊர் மிகவும் கவனமாக இருக்கிறது. குரங்கணிக் காட்டிலும் கொழுக்குமலைச் சரிவிலும் பிறந்து, எந்த மாநிலத்திடமும் குத்தகை கேட்காமல், எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல், சொந்த மலையில் ஊறிச் சொந்த ஊருக்கு இறங்கிவரும் ஆறு. போடி நகரம் தலைமுறை தலைமுறையாகக் குடித்த நீர் இதுதான். இதற்கு 999 ஆண்டுப் பட்டயம் இல்லை, எதிரி இல்லை, எதிரி இல்லாத உரிமைக்காக முழங்குவதில் என்ன சுவை? ஆகவே இதைப் பற்றி யாரும் முழங்குவதில்லை.

அணைப்பிள்ளையார் தடுப்பணையில் வெள்ளம் தாவும்போது பார்க்க வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் விழும். குளிக்க வரும் கூட்டத்தில் பாதிப் பேர் பாட்டில்களைக் கொண்டுவந்து, காலியானதைப் பாறையில் உடைத்து, அடுத்து வருபவர் பாதத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்குள் ஆறு வந்ததும் மரியாதை இன்னும் கூடுகிறது. பாலத்தின் மேல் பைக் வரும். வேகம் குறையாது. ஓட்டுபவரின் வலது கை ஹேண்டில்பாரில் இருக்க, இடது கை மட்டும் வண்டியில் தொங்கும் முடிச்சுப்போட்ட பையைக் கழற்றி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக ஒரு வீசு வீசும். கோழிக்கடைக் கழிவு. பை காற்றில் ஒரு வட்டம் போட்டு, நேராக ஆகாயத்தாமரைக்கு நடுவில் போய் உட்காரும். நாய்கள் அந்த நேரத்துக்குக் காத்திருக்கும். ஆசிய விளையாட்டில் வட்டெறியும் வீரர்கள் இந்தப் பாலத்தில் வந்து பயிற்சி எடுக்கலாம். வீசியவர் அடுத்த கடையில் வண்டியை நிறுத்தி இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கி, முன்பக்கம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆற்றுக்குக் கொடுத்ததை ஆற்றிலிருந்தே திருப்பி வாங்கக்கூடாது என்னும் தர்மம் அறிந்தவர்.

விடிகாலையில் ஜீப்புகள் கிளம்பும் நேரமும் பார்க்கத் தக்கது. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக நெருக்கி உட்கார்ந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறார்கள். நீர் பிறக்கும் மலைக்கு, நீர் வந்து சேரும் ஊரிலிருந்து, பாட்டிலில் நீர் கொண்டுபோகிறார்கள். தோட்டத்தில் மருந்தடித்த கையோடு ஓடை நீரை அள்ளிக் குடிக்க யாருக்கும் துணிவில்லை. ஏலச்செடிக்கு மருந்து எவ்வளவு தேவையோ அதற்குக் குறையாமல் அடிக்கும் தோட்ட முதலாளிகளின் தாராளத்தால், மலையும் சமவெளியும் சுகாதாரத்தில் சமநிலை அடைந்துவிட்டன.

இந்தப் பகுதிக்குப் பதினெட்டாம் கால்வாய் என்று இன்னொரு கொடை உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து பெரியாற்று நீரைப் பிரித்து, மலையடிவாரமாகவே கொண்டுவந்து, உத்தமபாளையம், போடி வட்டாரத்துக் கண்மாய்களில் நிரப்பும் ஏற்பாடு. அணைகளில் நீர் மிகுந்ததும், தேதி வைத்து, மதகில் பூத்தூவி, பட்டனை அழுத்தித் திறப்பார்கள். நீர் வருவதற்கு முன் கால்வாயைத் தூர்வாருவது மரபு மீறல் என்பதால், பெரும்பாலும் நீர் வந்த பிறகு எங்கே உடைகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். கண்மாய்க்குள் நீர் போனால் அங்கே ஏற்கனவே தென்னங்கன்றுகள் நின்று வரவேற்கின்றன. தேனி நகருக்குள் ராஜவாய்க்காலுக்கும் இதே சௌக்கியம். ராஜாவின் மேல் கடைகள் ஏறி உட்கார்ந்தன, எழுப்பக் கோர்ட்டு வர வேண்டியிருந்தது.

எதிர்காலத்தைப் பற்றித் தாங்கள் கொண்டிருக்கும் அக்கறையைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். குடிநீர்த் திட்டம் வரையும்போது முப்பது ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகையைக் கணக்கிட்டு, ஒருவருக்கு இத்தனை லிட்டர் என்று ஒதுக்குவது முறை. அதாவது இன்னும் பிறக்காத பிள்ளைக்கும், அதன் பிள்ளைக்கும் இப்போதே தண்ணீர் எடுத்துவைத்தாகிவிட்டது. பிறந்து தொலைத்துவிட்டவர்களுக்குத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள், சில தெருக்களில் அதற்கும் மேலே. முன்னமே பிறந்தது அவர்கள் அவசரம். திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பிறக்காதவர்கள் குழாயைத் திறந்து பார்த்துப் புகார் சொல்வதும் இல்லை. நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல பயனாளிகள் எங்கே கிடைப்பார்கள்?

நன்றி மறவாமையில் இந்த மாவட்டத்தை மிஞ்ச ஆள் இல்லை. ஜனவரி 15இல் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். பல வீட்டில் அவர் படம் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் தொங்குகிறது. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் எழுந்தது. 2022 செப்டம்பரில் கடல் கடந்து, லண்டன் பக்கம் அவர் ஊரான கேம்பர்லியிலேயே சிலை வைத்துவிட்டு வந்தோம். அந்த மனிதர் எடுத்த காரியம் அணையைக் கட்டி நீரை இந்தப் பக்கம் அனுப்புவதோடு முடிந்தது. அதற்கே இவ்வளவு மரியாதை என்றால், வந்த நீரை இத்தனை விதமாகக் கையாண்டு காட்டிய தங்களுக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

ஆகவே ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, மேடைச் சிங்கம் ஒருவருக்கும், மோட்டார் அதிபதி ஒருவருக்கும், கோப்புக் காவலர் ஒருவருக்கும், பாலத்திலிருந்து பை எறியும் வீரர் ஒருவருக்கும் ஆளுக்கொரு சிலை வைப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். பை எறிபவரின் சிலையில் இடது கை உயர்ந்த நிலையில் இருக்கும். ஆற்றங்கரையில் வைக்கலாமென்று இடம் பார்க்கப் போனோம். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் மோட்டார் ரூம், நடுவில் குப்பை, மிச்சம் இருந்த இடத்தில் யாரோ வேலி போட்டு நாலு வாழை நட்டிருந்தார். சிலை நிற்க நாலடி சதுரம் இல்லை. எனவே கேம்பர்லியிலேயே, பென்னிகுவிக் சிலைக்கு எதிரில், அவர் பார்வை படும் இடமாகப் பார்த்து வைத்துவிடலாம் என்று அபிப்பிராயம். அனுமதி வாங்கக் கோப்பு தயாராகிறது. தாமதமாகும் என்கிறார்கள். ஆகட்டும். குத்தகை 2885 வரை இருக்கிறது, அவசரமில்லை.